வேத வசனத்தை அன்றாட வாழ்க்கையில் கடைப்பிடிப்பது எப்படி? ஆத்தங்குடிப் பட்டறையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டில் தரையில் பதித்து உடைந்துபோன பூக்கற்களை (பூ வேலைப்பாடு உள்ள ஆத்தங்குடித் தரைக் கற்களை) மாற்றிக் கொடுக்கும் வேலைக்குப் போயிருந்தேன். முகப்பைத் தாண்டி உள்ளே போனால் ஆள் உயரத்துக்கு ஒரு பெல்ஜியம் கண்ணாடி. நிமிர்ந்து பார்த்தேன், கன்னத்தில் சிவப்புச் சாயம் அப்பியிருந்தது. துடைக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் வீட்டு ஆச்சி கூப்பிட்டார்கள். அளவெடுத்தேன், விலை பேசினேன், காரைக்குடிக்கு பஸ் ஏறிவிட்டேன். வீட்டு வாசலில் மகள்தான் கேட்டாள்: "அப்பா, கன்னத்துல என்ன?"

அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் வாசித்தது யாக்கோபு முதல் அதிகாரம். திருவசனத்தைக் கேட்டும் அதின்படி செய்யாதவன், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தை விட்டுப் போனவுடனே தன் சாயல் இன்னதென்று மறந்துவிடுகிறவனுக்கு ஒப்பானவன் என்கிறது 23, 24-ம் வசனங்கள். எத்தனையோ தடவை வாசித்த வசனம்தான். அன்றைக்குத்தான் அது என்னைப் பற்றியது என்று புரிந்தது. வருஷம் தவறாமல் வேதம் முழுவதையும் வாசித்து முடிக்கிறவன் நான். வாசித்ததில் எதையாவது செய்தேனா என்று யாரும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்ட பழக்கங்களைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நான் போதகர் இல்லை. ஆத்தங்குடிப் பக்கம் ஆறு பேரை வைத்துப் பூக்கல் பட்டறை நடத்துகிறவன். அதனால் உதாரணங்கள் எல்லாம் கல்லும் கூலியும் வாடிக்கையாளருமாகத்தான் இருக்கும். உங்கள் தொழிலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: கொஞ்சமாக வாசியுங்கள்

புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுவிடுவது வழக்கம். கடைப்பிடிக்கத்தான் வாசிக்கிறோம் என்றால் மூன்று பகுதிகளிலிருந்து தொடங்கலாம். முதலாவது, மத்தேயு 5 முதல் 7 வரை உள்ள மலைப்பிரசங்கம். மொத்தம் 111 வசனங்கள். இரண்டாவது, யாக்கோபு நிருபம். 5 அதிகாரங்கள், 108 வசனங்கள். மூன்றாவது, நீதிமொழிகள். 31 அதிகாரங்கள் இருப்பதால் தேதிக்கு ஒன்றாக வாசிக்கலாம். இன்றைக்கு 11-ம் தேதி என்றால் 11-ம் அதிகாரம். ஒரு நாள் விட்டுப்போனாலும் எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை.

ஒரு அதிகாரத்தை வாசியுங்கள், ஆனால் கையில் எடுத்துக்கொண்டு போவது ஒரே ஒரு வசனமாக இருக்கட்டும். இரண்டு எடுத்தால் இரண்டுமே சாயங்காலத்துக்குள் நழுவிவிடும். இது என் அனுபவம்.

நம்மில் பலர் கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு 1871-ல் ஹென்றி பவர் தலைமையிலான குழு முடித்தது. ஜெபத்துக்கும் மனப்பாடத்துக்கும் அந்த நடைக்கு ஈடு கிடையாது. ஆனால் சில சொற்கள் இன்றைக்குப் பிடிபடாது. நீதிமொழிகள் 11:1-ல் "சுமுத்திரையான நிறைகல்" என்று வரும். முழு எடையுள்ள, சரியான எடைக்கல் என்று பொருள். புரியாத இடத்தில் 1995-ல் வெளிவந்த திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கத்தோலிக்கர் வீட்டில் அது இருக்கும், கேட்டால் தருவார்கள். அப்புறம் அந்த வசனத்தை வேதாகமத்தை மூடிவிட்டு, வீட்டில் பேசுகிற தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை.

படி 2: யார், யாரிடம், எந்த நிலைமையில் சொன்னது?

"என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." பிலிப்பியர் 4:13. பரீட்சை நேரத்தில் எல்லா வீட்டுச் சுவரிலும் இருக்கும், கடைக் கல்லாவுக்கு மேலும் இருக்கும். அதை எழுதும்போது பவுல் விலங்கில் இருந்தார். அதற்கு முந்திய இரண்டு வசனங்களை வாசித்தால், தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும், பசியோடிருக்கவும் திருப்தியோடிருக்கவும் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். அப்படியானால் அந்த வசனம் என்னிடம் கேட்பது என்ன? இந்த மாதம் ஆர்டர் இல்லை, இருந்தாலும் முகம் சுளிக்காமல் இருக்க முடியுமா என்றுதான் கேட்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வருஷப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது நம் எல்லோருக்கும் பிடித்த வழக்கம். எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த அட்டைகளில் "உன்னை ஆசீர்வதிப்பேன்" இருக்கும், "உன் சகோதரனோடே ஒப்புரவாகு" இருக்காது. வாக்குத்தத்தங்களை மட்டும் சேர்த்துக்கொண்டு கட்டளைகளைக் கண்டும் காணாமல் போனால் பாதி வேதத்தைத்தான் வைத்திருக்கிறோம்.

படி 3: வசனத்தை ஒரு வேலையாக மாற்றுங்கள்

எல்லாம் இந்தப் படியில்தான் நிற்கிறது. "உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோலப் பிறனிடத்திலும் அன்புகூருவாயாக" என்று வாசித்துவிட்டு, "ஆண்டவரே, எனக்கு அன்பைத் தாரும்" என்று ஜெபித்து எழுந்தால் சாயங்காலம் வரை ஒன்றும் நடக்காது. யாருக்கு, என்ன, எத்தனை மணிக்குள் என்று மூன்றையும் முடிவு செய்துவிட்டு எழுந்திருங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெரிய வீடு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், ஆச்சி மட்டும் தனியாக. இந்தப் பக்கத்து ஊர்களில் அப்படி எத்தனையோ வீடுகள். "பிறனிடத்தில் அன்பு" எனக்கு ஒருநாள் இப்படி மாறியது: "ஆச்சியிடம் மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கி, மாலை 6 மணிக்குள் மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பது. கொடுத்துவிட்டு உடனே திரும்பாமல் கால் மணி நேரம் உட்காருவது." மாத்திரையை விட அந்தக் கால் மணி நேரம்தான் ஆச்சிக்குத் தேவைப்பட்டது. பர்மாவில் இருந்த தன் அப்பாவைப் பற்றிப் பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வேலை சின்னதாக இருக்க வேண்டும். இன்றைக்கே முடிவதாக இருக்க வேண்டும். செய்தோமா இல்லையா என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடிய வேண்டும். "இனிமேல் பொறுமையாக இருப்பேன்" என்பது இந்தக் கணக்கில் வராது. "பையன் பரீட்சைத் தாளைக் காட்டும்போது அவன் சொல்லி முடிக்கும் வரை வாய் திறக்க மாட்டேன்" என்பது வரும். யாக்கோபு 1:19-ம் அதைத்தான் சொல்கிறது: கேட்கிறதற்குத் தீவிரம், பேசுகிறதற்குப் பொறுமை, கோபிக்கிறதற்குத் தாமதம்.

படி 4: பற்று வரவு எழுதுங்கள்

செட்டிநாட்டில் கணக்கு எழுதத் தெரியாத கடை கிடையாது. குறிப்பேடு, பேரேடு, வருஷக் கடைசியில் ஐந்தொகை என்று ஒரு காசு விடாமல் எழுதிய ஊர் இது. அந்தப் பழக்கத்தை இதற்கும் எடுத்துக்கொண்டேன். ஒரு 80 பக்க நோட்டு போதும். நடுவில் கோடு. இடப்பக்கம் வரவு: தேதி, வசனம், செய்ய வேண்டிய வேலை. காலையில் எழுத வேண்டியது. வலப்பக்கம் பற்று: என்ன நடந்தது என்று ராத்திரி ஒரு வரி. செய்யவில்லை என்றால் "செய்யவில்லை" என்று அப்படியே எழுதுங்கள். காரணம் எழுத வேண்டாம். காரணம் எழுத ஆரம்பித்தால் அது வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும்.

சரி, தினமும் கணக்கு எழுதினால் தேவனிடம் நம் கணக்கைச் சரிக்கட்டிவிடலாம் என்று அர்த்தமா? கிடையவே கிடையாது. கொலோசெயர் 2:14-ஐ வாசியுங்கள். நமக்கு விரோதமாக இருந்த "கையெழுத்தைக் குலைத்து", அதைச் சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்று இருக்கிறது. புரோநோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கியவர்களுக்கு இந்த வரி சட்டென்று புரியும். கையெழுத்துப் போட்ட நோட்டு கடன் கொடுத்தவர் பெட்டிக்குள் இருக்கும் வரை தூக்கம் வராது. அதைக் கிழித்துக் கையில் கொடுத்த அன்றைக்கு நடையே மாறிவிடும். நாம் வசனத்தைக் கடைப்பிடிப்பது அந்த நடையோடுதான். எபேசியர் 2:8 கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள் என்கிறது, 10-ம் வசனம் நற்கிரியைகளைச் செய்கிறதற்கு சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்கிறது. இந்த வரிசை மாறக் கூடாது. மாறினால் நோட்டு பெருமையில் போய் முடியும், இல்லாவிட்டால் சோர்வில்.

படி 5: கூலி, தவணை, தேதி

சம்பாத்தியத்தில்தான் வசனம் நிஜமாகவே உரசும். இந்தப் படியில் நான் தவறியதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பட்டறையில் சனிக்கிழமை கூலி. ஒரு சனிக்கிழமை, பெரிய ஆர்டர் கொடுத்த வாடிக்கையாளர் பணம் தரவில்லை. "திங்கட்கிழமை வாங்கிக்குங்க" என்று ஆட்களிடம் சொல்லிவிட்டேன். எல்லோரும் போய்விட்டார்கள். கலவை போடுகிற அம்மா மட்டும் தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றுகொண்டிருந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துத் துடைத்து நின்றார். "பால்காரருக்கு இன்னிக்குத் தாரேன்னு சொல்லிட்டேன்ணே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அந்த வாரம் நான் வாசித்துக்கொண்டிருந்தது லேவியராகமம் 19. "கூலிக்காரனுடைய வேலைக்கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." 13-ம் வசனம். காலையில் நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன்.

பக்கத்துக் கடையில் கைமாற்று வாங்கி ஆறு பேர் வீட்டுக்கும் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் கைமாற்று வாங்கிக் கடைப்பிடிக்க முடியாது. அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். ஆறு பேருக்கு ஆளுக்கு நாள் கூலி 700 ரூபாய் என்றால் ஆறு நாளைக்கு 25,200 ரூபாய். வாரம் 1,800 ரூபாய் வீதம் ஒதுக்கினேன். 14 வாரத்தில் ஒரு வாரக் கூலி முழுவதும் தனியாகச் சேர்ந்துவிட்டது. அந்தப் பணத்தை வேறு எதற்கும் தொடுவதில்லை. வாடிக்கையாளர் தந்தாலும் தராவிட்டாலும் சனிக்கிழமை 5 மணிக்குக் கூலி. வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களும், கட்டட வேலை செய்விப்பவர்களும் இதை அப்படியே செய்யலாம். தொகைதான் மாறும்.

அடுத்தது தேதி. "கல்லு எப்ப கிடைக்கும்?" என்று கேட்டால், "நாளைக்கு" என்று சொல்வது இந்தத் தொழிலில் மூச்சு விடுகிற மாதிரி வந்துவிடும். பூக்கல் எப்படிச் செய்கிறோம் என்று தெரிந்தவர்களுக்கு அது நடக்காது என்று தெரியும். கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு சாயக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன் மேல் ஈரக் கலவையைப் போட்டு வழிக்க வேண்டும். அது இறுகிய பிறகு தொட்டியில் ஊற வேண்டும், அப்புறம் வெயிலில் காய வேண்டும். ஊறும் நாளைக் குறைத்தால் வாங்குகிறவருக்கு உடனே தெரியாது. கண்ணாடியிலிருந்து எடுத்த முகம் பளபளவென்றுதான் இருக்கும். வெளுப்பதும் பொரிவதும் அவர் தரையில் பதித்து நடமாட ஆரம்பித்த பிறகுதான்.

"உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்கிறது மத்தேயு 5:37. இப்போது நான் செய்வது: தொட்டியில் எப்போது இறக்கினோம் என்று கல் அடுக்கின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் தேதி எழுதிவிடுகிறோம். கேட்பவருக்கு அந்தத் தேதியைக் காட்டி, "இத்தனாம் தேதிக்கு முன்னாடி தர முடியாது" என்று சொல்லிவிடுவது. இதனால் இரண்டு ஆர்டர் கைவிட்டுப் போனது உண்மை. வயிற்றைக் கலக்கத்தான் செய்தது. வசனத்தைக் கடைப்பிடித்தால் வியாபாரம் உடனே பெருகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி வேதம் சொல்லவில்லை.

காணிக்கை, தர்மம் பற்றி: நகரத்தார் வியாபாரத்தில் மகமை என்று ஒன்று உண்டு. வரவில் ஒரு சிறு பங்கைத் தர்மத்துக்கென்று முதலிலேயே தனியாக எழுதிவிடுவார்கள். மீதி இருந்தால் கொடுப்போம் என்று விடுவதில்லை. தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கொடுக்க நினைத்தும் மாசக் கடைசியில் கை காய்ந்துபோகிறவர்கள் இந்த முறையைப் பின்பற்றலாம். பணம் வந்த அன்றைக்கே பிரித்துவிடுங்கள். எவ்வளவு கொடுத்தோம் என்பது கல்வெட்டில் வர வேண்டியதில்லை. வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்கிற மத்தேயு 6:3 போதும்.

படி 6: வீட்டுக்குள்ளே

"சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது." எபேசியர் 4:26. கணவன் மனைவிக்கு இது ஒன்றே பெரிய வேலை. எங்கள் வீட்டில் வைத்திருக்கும் விதி எளிமையானது. விளக்கேற்றும் நேரத்துக்கு முன் யாராவது ஒருவர் "டீ போடவா?" என்று கேட்க வேண்டும். கேட்டால் சண்டை முடிந்தது என்று பொருள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கோபமாக எதையாவது அடித்தால் அனுப்பாமல் மறுநாள் காலை வரை விட்டுவிடுங்கள். காலையில் பெரும்பாலும் அழித்துவிடுவீர்கள்.

பங்கு பிரிப்பதில் அண்ணன் தம்பி பேசாமல் இருப்பது இங்கே புதிதில்லை. மத்தேயு 5:24 அதற்கு விதிவிலக்குக் கொடுக்கவில்லை. "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து." போவது என்று முடிவு செய்தால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மன்னிப்புக் கேட்டதும் "ஆனாலும் நீ" என்று ஆரம்பிக்காதீர்கள். நிலத்தைப் பற்றிய பேச்சு இன்னொரு நாளைக்கு, பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு.

படி 7: அக்கம்பக்கத்தாரோடு

இந்த ஊரில் நம் இரண்டு பக்கத்து வீடும் பெரும்பாலும் இந்து வீடுகள். தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் குன்றக்குடி வழியாக நடந்து போவார்கள். வெயில் நேரத்தில் தண்ணீர் கொடுக்கலாமா என்று ஒருமுறை எங்கள் சபையில் பேச்சு வந்தது. "தாகமாயிருந்தேன், என் தாகத்தைத் தீர்த்தீர்கள்" என்று மத்தேயு 25:35-ஐ ஒரு வயதான அம்மா சொன்னார். தாகமாக இருப்பவன் எங்கே போகிறான் என்று கேட்கச் சொல்லவில்லை என்றார். அதோடு பேச்சு முடிந்தது, குடம் எடுத்து வைத்தோம். கைப்பிரதி எதுவும் கொடுக்கவில்லை. அது சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். தண்ணீருக்கு விலை வைக்கக் கூடாது.

கிறிஸ்துமஸ் பலகாரத்திலும் கொஞ்சம் யோசனை வேண்டும். திருக்கார்த்திகையிலிருந்து 21-ம் நாள் வரும் பிள்ளையார் நோன்பு சில வருஷம் கிறிஸ்துமஸை ஒட்டியே வந்துவிடும். அந்த நேரம் விரதம் இருக்கிற வீட்டுக்கு முட்டை சேர்த்த கேக் அனுப்பினால், வாங்கி வைத்துவிட்டுச் சங்கடப்படுவார்கள். அதிரசம், முறுக்கு தனியாகச் செய்து அனுப்புங்கள். அவர்கள் தருகிற பிரசாதத்தைச் சாப்பிடலாமா என்பதில் சபைக்குச் சபை கருத்து வேறுபடுகிறது. ரோமர் 14-ஐயும் 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரையும் வாசித்து உங்கள் மனச்சாட்சிப்படி முடிவெடுங்கள். எந்த முடிவானாலும் கொண்டுவந்தவர் முகம் வாடாமல் நடந்துகொள்ளுங்கள். "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்று ரோமர் 12:18 சொல்கிறது.

தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகப் போனால் ஓரியூர். 1693 பிப்ரவரி 4 அன்று கத்தோலிக்கக் குருவான அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) வெட்டுண்டு இறந்த இடம். போர்த்துக்கல்லிலிருந்து வந்த அவர் இங்கே காவி உடுத்தி, இறைச்சியை விட்டு, இந்த ஊர்த் துறவிகளைப் போலப் பண்டாரசாமியாக வாழ்ந்தார். நான் புராட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்தவன், ஆனாலும் அங்கே போய் நின்றிருக்கிறேன். அக்கம்பக்கத்தாருக்காகத் தன் சாப்பாட்டுத் தட்டையே மாற்றிக்கொண்ட ஒருவர் நடந்த பூமியில் இருக்கிறோம். ஒரு தட்டு அதிரசத்துக்கு யோசிப்பதா?

படி 8: விட்டுப்போன நாட்களில்

என் நோட்டில் "செய்யவில்லை" நிறைய இருக்கிறது. தொடர்ந்து ஒன்பது நாள் காலியாக விட்ட பக்கமும் இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். 1 யோவான் 1:9-ஐ வாசித்து, என்ன செய்யவில்லை என்பதைப் பெயர் சொல்லி அறிக்கையிட்டுவிட்டு, அன்றைய தேதியைப் போட்டு மறுபடியும் ஆரம்பியுங்கள். விட்ட நாட்களுக்குச் சேர்த்து வாசிக்க வேண்டாம்.

ஒரே வசனம் மூன்று நாள் "செய்யவில்லை" என்று வந்தால் வேலை பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். பாதியாகக் குறையுங்கள். அண்ணன் வீட்டுக்குப் போக முடியவில்லையா? போன் செய்யுங்கள். போனும் முடியவில்லையா? அவர் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து அனுப்புங்கள்.

படி 9: உங்களைக் கேட்க ஒரு ஆள்

தனியாகச் செய்தால் நோட்டு இரண்டு மாதத்தில் அலமாரிக்குப் போய்விடும். சபையில் நம்பிக்கையான ஒருவரைப் பிடியுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். கணவனோ மனைவியோ வேண்டாம், வீட்டில் அது விசாரணையாகிவிடும். எனக்கு ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன் கிடைத்தார். வியாழக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடையில் சந்திப்போம். பிரசங்கம் கிடையாது. "போன வாரம் எழுதினதைச் செஞ்சியா?" என்று அவர் கேட்பார், நான் பதில் சொல்வேன். அப்புறம் நான் கேட்பேன். இருபது நிமிஷம்.

முதல் வாரத்துக்கு எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் யாக்கோபு 1:19, செவ்வாய் மத்தேயு 5:37, புதன் நீதிமொழிகள் 11:1, வியாழன் எபேசியர் 4:26, வெள்ளி மத்தேயு 6:3, சனிக்கிழமை லேவியராகமம் 19:13. அன்றைக்கு யாருக்காவது நீங்கள் பணம் தர வேண்டியிருந்தால், அது நூறு ரூபாய் பால் பாக்கியாக இருந்தாலும், இருட்டுவதற்குள் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகும்போது வேதாகமத்தோடு அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஆராதனை தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிஷம் வலப்பக்கத்தை மட்டும் வாசித்துப் பாருங்கள்.